மல்டி எஃபெக்ட்ஸ் பெடலில் கிட்டார் டோன்: அறிகுறியைப் பார்த்துப் பிழை பிடிப்பது எப்படி

டோன் சரியில்லை என்றதும் பலரும் முதலில் கை வைப்பது ஆம்ப் மாடலில், அதாவது நிஜ ஆம்பைப் போல் ஒலிக்கப் பெடலுக்குள் இருக்கும் மாதிரியில். ஒன்றை மாற்றி இன்னொன்று, அதுவும் போய் மூன்றாவது என்று ராத்திரி முழுக்கத் திருகிக்கொண்டிருப்பார்கள். பிழை அங்கே இருப்பது அபூர்வம். பெடலுக்குள் எவ்வளவு சிக்னல் நுழைகிறது, வெளியே வருவது எதில் போய்ச் சேர்கிறது, எவ்வளவு சத்தத்தில் கேட்டு பேட்ச் (பெடலில் சேமித்து வைக்கும் ஒலி அமைப்பு) அமைத்தீர்கள் என்ற மூன்றில் ஒன்றுதான் பெரும்பாலும் காரணம். பாஸ் ஜிடி-1, ஜூம் ஜி1 ஃபோர், லைன் 6 பாட் கோ, வேலட்டன் ஜிபி-200 என்று கையில் எந்தப் பெட்டி இருந்தாலும் கீழே சொல்வது பெரும்பாலும் பொருந்தும். மெனுவில் பெயர் மாறும், வேலை ஒன்றுதான்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இதைச் செய்யுங்கள்

1. பல பெடல்களில் குளோபல் ஈக்யூ (அடி, நடு, உச்சியை ஏற்றி இறக்கும் ஈக்வலைசர்) என்று ஒன்று இருக்கும். அது எல்லாப் பேட்சுக்கும் சேர்த்து வேலை செய்வது. போன கச்சேரியில் யாராவது திருகி அப்படியே விட்டிருப்பார்கள். முதலில் அதை ஃப்ளாட்டுக்குக் கொண்டுவாருங்கள்.
2. காலி பேட்ச் ஒன்று எடுத்து எல்லா பிளாக்கையும் அணையுங்கள் (டிரைவ் எனும் டிஸ்டார்ஷன், ஆம்ப், டிலே என்று ஒவ்வொன்றும் ஒரு பிளாக்). கிட்டார் வால்யூம் 10. பெடலிலேயே ஹெட்போன் மாட்டிக் கேளுங்கள். இங்கேயே கோளாறு கேட்டால் அது கிட்டார், கேபிள், கரண்ட், இன்புட் லெவல் இந்த நான்கில் ஒன்று.
3. ஆம்பும் கேபினெட்டும் (ஸ்பீக்கர் பெட்டியின் மாதிரி) மட்டும் போடுங்கள். பிறகு மற்ற எஃபெக்டுகளை ஒவ்வொன்றாக. எதைப் போட்டதும் கோளாறு வருகிறதோ அங்கே நில்லுங்கள்.
4. ஹெட்போனில் எல்லாம் சரி, பாக்ஸில் மட்டும் மோசம் என்றால் பேட்சைத் தொடவே வேண்டாம். அவுட்புட் அமைப்பும் மிக்சரும்தான் சந்தேகத்துக்கு உரியவை.

ஒரு நேரத்தில் ஒரு பொருளை மட்டும் மாற்றுங்கள். கேபிளையும் அடாப்டரையும் சேர்த்து மாற்றிச் சரியானால், எது கெட்டது என்று தெரியாமல் அடுத்த முறை மறுபடி மாட்டிக்கொள்வீர்கள்.

சத்தமே வரவில்லை

ட்யூனர் ஆனில் இருந்தால் பல பெடல்களில் ஒலி அடங்கிவிடும். வால்யூம் பெடல் குதிகால் பக்கம் இறங்கியிருக்கிறதா பாருங்கள். ஒரே கேபிள் என்றால் அது எல்/மோனோ ஜாக்கில்தான் போக வேண்டும். சில மாடல்களில் ஹெட்போனை மாட்டினால் மெயின் அவுட் நின்றுவிடும். இவை எல்லாம் சரியாக இருந்தும் ஒலி இல்லை என்றால் கேபிள்தான்.

பெடலே எரியவில்லை என்றால் அடாப்டரைப் பாருங்கள். இந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவை 9 வோல்ட், நடுமுனை நெகட்டிவ். வீட்டில் கிடக்கும் வைஃபை ரவுட்டர் அடாப்டரும் சிசிடிவி அடாப்டரும் பெரும்பாலும் நடுமுனை பாசிட்டிவ், அதிலும் பல 12 வோல்ட். பின் அதே அளவுதான், கச்சிதமாக உள்ளே போகும். அங்கேதான் ஆபத்து. ஆம்பியர் குறையவும் கூடாது: 500 மில்லிஆம்பியர் கேட்கிற பெடலுக்கு 2 ஆம்பியர் அடாப்டர் போடலாம், 300 போட்டால் திரை எரிந்து அணைந்து விளையாட்டுக் காட்டும்.

டிரைவ் போட்டால் உஸ்ஸென்று தகரமாக அரைக்கிறது

கேபினெட் சிமுலேஷன் இல்லாமல் மிக்சருக்குள் போகிறீர்கள். கிட்டார் ஆம்பில் இருக்கும் 12 அங்குல ஸ்பீக்கர், சுமார் 5000 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளதைப் பெரும்பகுதி விழுங்கிவிடும். டிஸ்டார்ஷன் உருவாக்குகிற கீறல் ஒலி எல்லாம் அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. மேடையில் வைக்கும் பிஏ பாக்ஸில் ட்வீட்டர் உண்டு. அது ஒன்றையும் விழுங்காது, அப்படியே காதில் கொட்டும்.

எங்கே இணைக்கிறீர்கள் என்பதை வைத்து இப்படி அமைக்க வேண்டும். மிக்சர், பவர்டு பாக்ஸ், ஹெட்போன், ஆடியோ இன்டர்ஃபேஸ் என்றால் ஆம்ப், கேபினெட் இரண்டும் ஆன். கிட்டார் ஆம்பின் முன் இன்புட்டில் செருகினால் இரண்டும் ஆஃப், டிரைவும் மாடுலேஷனும் டிலேயும் போதும். ஆம்பின் பின்னால் இருக்கும் எஃபெக்ட்ஸ் ரிட்டர்னில் செருகினால் ஆம்ப் பிளாக் ஆன், கேபினெட் ஆஃப். பெடலின் பொது அமைப்பில் அவுட்புட் எதில் போகிறது என்று கேட்கும் ஓர் இடமும் இருக்கும். அதில் லைன் என்று இருக்க வேண்டிய இடத்தில் கோம்போ ஆம்ப் என்று இருந்தால், பேட்ச் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பலன் இல்லை.

இதே பிழை தலைகீழாகவும் வரும். கேபினெட் ஆனில் வைத்து நிஜ கிட்டார் ஆம்பில் விட்டால் ஸ்பீக்கருக்கு மேல் ஸ்பீக்கர். அப்போது ஒலி போர்வையைப் போர்த்திக்கொண்டது போல் மங்கும். ட்ரெபிளை ஏற்றி அதைச் சரிக்கட்டப் பார்ப்பவர்கள் நிறையப் பேர். ஏற்ற ஏற்ற குத்தும், தெளிவு மட்டும் வராது. கேபினெட்டை அணைப்பதுதான் வழி.

கேபினெட் ஆனில் இருந்தும் அரைக்கிறதா? கேபினெட் பிளாக்கிலேயே ஹை கட் (வைத்த அளவுக்கு மேல் உள்ள உச்சியை வெட்டுவது) இருக்கும். 6500 ஹெர்ட்ஸில் தொடங்கி 5000 வரை மெதுவாக இறக்குங்கள். மைக் மாடலும் முக்கியம். ஷூர் எஸ்எம்57 வகை மைக்கை ஸ்பீக்கரின் நடுப்புள்ளிக்கு நேராக வைத்தால் கூர்மையாக இருக்கும், ஓரத்துக்கு நகர்த்தினால் இளகும். ராயர் 121 போன்ற ரிப்பன் மைக் மாடல் இயல்பாகவே மிருதுவானது. அதற்கும் மேல் ஒரு குறிப்பிட்ட இடம் குத்தினால் பாராமெட்ரிக் ஈக்யூ ஒன்று போட்டு, க்யூவை (ஈக்யூ தொடும் பகுதியின் அகலம்) 6 அளவில் குறுக்கி, 8 டெசிபல் ஏற்றி, 3000 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை நகர்த்திப் பாருங்கள். காதைக் கூசவைக்கும் இடத்தில் நிறுத்தி, ஏற்றியதை இறக்கி, மைனஸ் 4 டெசிபலில் விடுங்கள். இப்படி மூன்று நான்கு இடம் வெட்ட வேண்டியிருந்தால் அந்தக் கேபினெட்டை மாற்றுவது நல்லது. வெட்டிக்கொண்டே போனால் ஒலியில் உயிர் மிஞ்சாது.

வெளியிலிருந்து ஐஆர் (நிஜ ஸ்பீக்கர் பெட்டியின் ஒலித்தன்மையைப் பதிந்த ஃபைல்) ஏற்ற முடிகிற பெடல் என்றால், அது எதிர்பார்க்கும் வேவ் ஃபைல் வகையைக் கையேட்டில் பாருங்கள், மாடலுக்கு மாடல் மாறும். ஏற்றிய பிறகு பழைய கேபினெட் பிளாக்கை அணைக்க மறந்தால் மேலே சொன்ன இரட்டை ஸ்பீக்கர் கதைதான்.

வீட்டில் அருமை, மேடையில் காணாமல் போகிறது

இதுதான் எல்லோரும் கேட்கிற பிழை, பதிலும் கொஞ்சம் நீளம். மனிதக் காது குறைந்த சத்தத்தில் அடியையும் உச்சியையும் குறைவாகக் கேட்கும். சத்தம் ஏற ஏற அவை இரண்டும் மேலே வரும். ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டிய விஷயம் இது. வீட்டில் பக்கத்து வீட்டுக்காரருக்குப் பயந்து சின்னச் சத்தத்தில் அமைக்கும்போது, குறைவாகக் கேட்கிறதே என்று பேஸையும் ட்ரெபிளையும் ஏற்றி, நடுவைக் குடைந்து வைத்திருப்பீர்கள். அதே பேட்ச் மண்டபத்தில் பெரிய பாக்ஸில் வந்தால் அடி கும்மென்று வீங்கும், உச்சி குத்தும், சுரம் இருக்கும் நடுப்பகுதி மட்டும் இருக்காது.

அதோடு மேடையில் நீங்கள் தனியாக இல்லை. நம்மூர் மெல்லிசைக் குழுவில் கீபோர்டின் இடதுகையும் பேஸும் தபேலாவின் பாயாவும் ரிதம் பேடும் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏற்கெனவே நெருக்கியடித்துக்கொண்டிருக்கும். கிட்டாரின் ஆறாவது தந்தியே 82 ஹெர்ட்ஸில்தான் தொடங்குகிறது. அந்த அடியை விட்டுக்கொடுத்தால் யாருக்கும் நட்டமில்லை.

சரிசெய்ய: பேட்சை அமைக்கும்போதே சத்தமாகக் கேளுங்கள். பக்கத்தில் இருப்பவரோடு பேசக் குரலை உயர்த்த வேண்டியிருக்கும் அளவு, அதாவது சுமார் 85 டெசிபல். அதற்கு வசதி இல்லை என்றால் கண்ணை மூடிக்கொண்டு இந்தத் தொடக்க அளவுகளை வையுங்கள்: பேஸ் 4, மிட் 6 அல்லது 6.5, ட்ரெபிள் 5, பிரசன்ஸ் 4. லோ கட் 100 ஹெர்ட்ஸ், ஹை கட் 6000. கெயின் (டிரைவின் அளவு) வீட்டில் வைத்ததில் மூன்றில் இரண்டு பங்கு போதும். கெயின் கூடக் கூட சிக்னல் அமுங்கி, மீட்டலின் முதல் அடி மழுங்கும். அந்த முதல் அடிதான் கூட்டத்துக்கு நடுவே கிட்டாரைக் காட்டிக்கொடுப்பது. தனியாகக் கேட்டால் மூக்கடைத்தாற்போல், கொஞ்சம் அசிங்கமாகத்தான் இருக்கும். பாட்டோடு சேர்த்துக் கேட்டுவிட்டுத் தீர்ப்பு சொல்லுங்கள்.

மைக் செட்காரர் சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள். அவர் எண்ணில் சொல்ல மாட்டார், ஆனால் சரியாகச் சொல்வார். "ஏனுங் தம்பி, கிட்டாரு காதைக் குத்துதுங்க" என்றால் 3000 முதல் 4000 ஹெர்ட்ஸில் 3 டெசிபல் குறையுங்கள். "பொதபொதன்னு இருக்குதுங்க" என்றால் 200 முதல் 350 வரை. "கும்முன்னு வருது" என்றால் லோ கட்டை 120-க்கு ஏற்றுங்கள். "வாசிக்கறது தெரியுது, கேக்க மாட்டேங்குது" என்று அவர் சொன்னால் வால்யூமைத் தொடாதீர்கள். 800 முதல் 1500 வரை 3 டெசிபல் ஏற்றி, ரிவெர்பைப் பாதியாக்குங்கள்.

நீங்கள் அவரிடம் கேட்க வேண்டியதும் உண்டு: "அண்ணா, என் சேனல்ல ஈக்யூ எல்லாம் நடுவுல வெச்சு, லோ கட் மட்டும் போட்டு, எக்கோ எடுத்துடுங்ணா." பாட்டுக்காரர்களுக்குப் போட்ட எக்கோ கிட்டார் சேனலிலும் பல நேரம் ஏறியிருக்கும். முழு செட்டின் கிராஃபிக் ஈக்யூ, பதிவுப் பாட்டுக்காக இரண்டு ஓரமும் ஏற்றி நடு இறக்கி வைக்கப்பட்டிருக்கும். அதை அவர் உங்களுக்காக மாற்ற மாட்டார், மாற்றவும் கூடாது. அந்த இடத்துக்கு உதவத்தான் குளோபல் ஈக்யூ. இருபது பேட்சைத் திருத்தாமல் அதில் மட்டும் நடுவை 3 டெசிபல் ஏற்றுங்கள், வீடு வந்ததும் ஃப்ளாட்டாக்குங்கள்.

மண்டபம் காலியாக இருக்கும்போது சவுண்ட் செக் செய்தால் டைல்ஸ் தரையும் கான்கிரீட் கூரையும் சேர்ந்து ஒலி பளிச்சென்றிருக்கும். ஜனம் உட்கார்ந்ததும் உச்சி குறையும். அதனால் காலி மண்டபத்தில் ட்ரெபிளை மிகவும் இறக்கிவிடாதீர்கள்.

கொர்ர்ரென்று உறுமல், இரைச்சல்

இங்கே நம் கொங்குப் பக்கத்துக்கென்றே சில காரணங்கள் உண்டு. சோமனூர், பல்லடம் பக்கம் வீட்டை ஒட்டியே விசைத்தறிக் கூடம் இருக்கும். ஒரே லைனில் இத்தனை மோட்டார்கள் ஓடினால் கரண்டில் அழுக்கு இல்லாமல் இருக்காது. தோட்டத்து வீடுகளில் பம்ப்செட் ஸ்டார்ட் ஆகும்போது வோல்டேஜ் தொங்கும். கோயில் நோம்பியில் ஜெனரேட்டர், பக்கத்திலேயே சீரியல் செட். இவற்றில் எது உங்கள் பிரச்சினை என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

கிட்டாரைப் பிடித்தபடி நின்ற இடத்திலேயே மெதுவாக ஒரு சுற்று சுற்றுங்கள். திசை மாற மாற உறுமல் கூடிக் குறைந்தால் அது பிக்கப் (தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தச் சுருள்) காற்றிலிருந்து வாங்கும் காந்த இரைச்சல். சிங்கிள் காயில் பிக்கப்பின் குணம் அது. பழைய சோக் டியூப் லைட், ஃபேன் ரெகுலேட்டர், பவர் ஆம்பின் டிரான்ஸ்ஃபார்மர் ஆகியவற்றிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நின்றால் கணிசமாகக் குறையும். ஸ்ட்ராட் வகையில் நடு பிக்கப் எதிர்ச்சுற்றாக இருந்தால் 2, 4 ஆகிய இரண்டு நிலைகளிலும் உறுமல் அடங்கும்.

சுற்றியும் மாறவில்லை என்றால் தந்தியைத் தொட்டுப் பாருங்கள். தொட்டதும் குறைந்தால் கிட்டாரின் எர்த் ஒயர் சரியாக இருக்கிறது என்று அர்த்தம், உங்கள் உடம்புதான் ஆன்டெனா. தொட்டதும் கூடினால் கிட்டாருக்குள் ஜாக் ஒயர்கள் இடம் மாறியிருக்கலாம், அல்லது சாக்கெட்டில் எர்த்தே வராமல் இருக்கலாம். மைக்கில் உதடு பட்டதும் சுருக்கென்று இழுத்தால் உடனே நிறுத்துங்கள். டெஸ்டரை மைக் வலையிலும் கிட்டார் பிரிட்ஜிலும் வைத்துப் பார்த்து, எலக்ட்ரீஷியன் எர்த்தைச் சரிசெய்த பிறகுதான் வாசிக்க வேண்டும். உறுமல் நிற்கிறது என்று மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை உடைத்துவிடும் வழக்கம் மேடைகளில் உண்டு. உறுமல் நிற்கும், அடுத்த பழுதில் கரண்ட் உங்கள் வழியாகப் போகும்.

அடுத்த சோதனை பேட்டரி. ஜிடி-1, ஜி1 ஃபோர் போன்றவை நான்கு டபுள் ஏ பேட்டரியில் ஓடும். பேட்டரியில் போட்டு உறுமல் நின்றால் அடாப்டரோ எர்த் வளையமோதான் காரணம். கையில் எடுத்தால் கனமாக இருக்கும் பழைய டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டர் வோல்டேஜ் தொங்கும்போது உறுமும், சதுர அலை இன்வெர்ட்டரில் போட்டால் இன்னும் மோசம். 100 முதல் 240 வோல்ட் என்று எழுதியிருக்கும் லேசான அடாப்டர் வோல்டேஜ் இறக்கத்தைத் தாங்கும். ஆனால் ஒரே அடாப்டரில் கிளை பிரித்து மற்ற பெடல்களுக்கும் கொடுத்தால் சீய்ய்ய் என்று மெல்லிய கீச்சொலி வரும். டிஜிட்டல் பெடலுக்குத் தனி அடாப்டர் கொடுங்கள்.

பெடல் ஒரு சாக்கெட்டிலும் மிக்சர் தொலைவில் வேறு சாக்கெட்டிலும் இருந்தால் எர்த் வளையம் உருவாகும். இரண்டுக்கும் ஒரே இடத்திலிருந்து ஒயர் இழுத்துக் கொடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும். மீதிக்கு டிஐ பாக்ஸ், அதாவது சிக்னலை மைக் கேபிளில் நீண்ட தூரம் அனுப்ப உதவும் சின்னப் பெட்டி. கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைப் போட்டால் சிக்னல் கேபிளின் எர்த் மட்டும் பிரியும், கரண்ட் எர்த் பத்திரமாக இருக்கும். மேடையிலிருந்து மிக்சர் 20, 30 மீட்டர் தள்ளி இருக்கும்போது சாதாரண கிட்டார் கேபிளை நீட்டி நீட்டி இழுப்பதை நிறுத்தவும் இதுவே வழி. சாதாரண கேபிளுக்கு 6 மீட்டர் போதும். அதற்கு மேல் எக்ஸ்எல்ஆர் எனும் மூன்று பின் மைக் கேபிள். பெடலிலேயே எக்ஸ்எல்ஆர் அவுட் இருந்தால் அந்தச் சேனலில் மைக்குக்காகப் போகும் 48 வோல்ட்டை (ஃபேண்டம் பவர்) அணைக்கச் சொல்லுங்கள்.

லேப்டாப்பை யூஎஸ்பியில் மாட்டினால் மட்டும் கிர்ரென்று இரைச்சல் வந்தால் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். பெரும்பாலும் அதோடு தீரும்.

நாய்ஸ் கேட் போட்டால் சுரம் பாதியில் அறுகிறது

நாய்ஸ் கேட் என்பது சிக்னல் ஓர் அளவுக்குக் (த்ரெஷோல்ட்) கீழே இறங்கினால் ஒலியை மூடிவிடும் பிளாக். அதை உறுமலுக்கு மருந்தாக வைக்காதீர்கள். மேலே உள்ளவற்றைச் சரிசெய்துவிட்டு, மிச்சத்துக்கு மட்டும் கேட். இடம்: டிரைவுக்கு முன், கிட்டாரை ஒட்டி. அளவு: டிரைவ் ஆனில், கிட்டார் வால்யூம் 10-இல், தந்தியை உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டு த்ரெஷோல்டை மைனஸ் 70-இலிருந்து ஏற்றுங்கள். இரைச்சல் அடங்கும் இடத்துக்கு மேல் 3 டெசிபல் போதும். வழக்கமாக மைனஸ் 60-க்கும் 50-க்கும் நடுவே நிற்கும். ரிலீஸ் அல்லது டீகே மிகக் குறைவாக இருந்தால்தான் நீண்ட சுரம் கத்தரித்தது போல் நிற்கும். 150 மில்லிசெகண்டுக்கு மேல் கொண்டுபோங்கள்.

கிளீன் டோனில் அழுத்தி மீட்டினால் கரகரக்கிறது

பெடலின் மாஸ்டர் வால்யூமைப் பாதியாக்குங்கள். கரகரப்பு போய்விட்டால் நிரம்பி வழிந்தது மிக்சர். கேபிள் மைக் இன்புட்டில் மாட்டப்பட்டு கெயின் ஏறியிருக்கும். லைன் இன்புட்டுக்கு மாற்றச் சொல்லுங்கள், இல்லையென்றால் 20 டெசிபல் பேட் (சிக்னலைக் குறைக்கும் சுவிட்ச்). மாஸ்டரைக் குறைத்தும் போகவில்லை என்றால் பெடலுக்குள்தான். காலி பேட்சிலும் கரகரத்தால் இன்புட் நிரம்புகிறது: இன்புட் லெவலைக் குறையுங்கள் அல்லது இன்புட் பேட் போடுங்கள். ஆக்டிவ் பிக்கப் என்றால் அதற்கு முன் 9 வோல்ட் பேட்டரியை மாற்றிப் பாருங்கள். கிட்டாரில் கேபிள் செருகியிருக்கும் வரை அது தீர்ந்துகொண்டே இருக்கும், சாகும் தறுவாயில் இதே கரகரப்புதான் கேட்கும்.

காலி பேட்ச் சுத்தம், அமைத்த பேட்ச் மட்டும் கரகரப்பு என்றால் நடுவே ஏதோ பிளாக் லெவலை ஏற்றுகிறது. கம்ப்ரசரின் அவுட்புட்டும் ஈக்யூவின் மொத்த லெவலும் வழக்கமான குற்றவாளிகள். ஒவ்வொரு 6 டெசிபலுக்கும் வோல்டேஜ் இரட்டிப்பாகிறது, மூன்று பிளாக்கில் ஆளுக்கு 6 ஏற்றினால் எட்டு மடங்கு. பிளாக்கை ஆன், ஆஃப் செய்து பார்க்கும்போது சத்தம் ஏறக்குறைய சமமாக இருக்கும்படி வைத்தால் இந்த வம்பே இல்லை.

பிக்கப் தந்திக்கு மிக நெருக்கமாக இருந்தாலும் அடித்தந்தி உறுமிக் கரகரக்கும். கடைசி ஃப்ரெட்டை அழுத்திப் பிடித்து அளந்தால் சிங்கிள் காயிலுக்கு ஆறாம் தந்திப் பக்கம் 2 மில்லிமீட்டர், முதல் தந்திப் பக்கம் 1.6 என்பது நல்ல தொடக்கம்.

பேட்ச் மாற்றினால் சத்தம் எகிறுகிறது, சோலோ அமுங்குகிறது

கிளீன் பேட்சை முதலில் அமைத்து அதை அடிப்படையாக வையுங்கள். மற்றவற்றை அதற்குச் சமமாக்கும்போது ஆம்பின் கெயினையோ மாஸ்டரையோ தொட்டால் டோன் மாறும். பேட்ச் லெவல் அல்லது சேனல் வால்யூம் என்று இருப்பதை மட்டும் நகர்த்துங்கள். மிக்சரின் எல்இடி மீட்டரைப் பார்த்து முக்கால்வாசி சமமாக்கலாம். மீதி கால்வாசி காது, அதுவும் பேண்டோடு. கிளீன் மீட்டலில் உச்சம் தாவும், டிரைவ் சமமாக அமுங்கியிருக்கும் என்பதால் மீட்டரை மட்டும் பார்த்துச் சமமாக்கினால் காதுக்கு டிரைவ் கூடுதலாகக் கேட்கும்.

சோலோவுக்கு பூஸ்டை ஆம்புக்கு முன்னால் போட்டுவிட்டுச் சத்தம் ஏறவில்லை என்பார்கள். ஏற்கெனவே நிரம்பிய ஆம்புக்குள் இன்னும் தள்ளினால் கெயின்தான் கூடும். பூஸ்ட் ஆம்புக்கும் கேபினெட்டுக்கும் பின்னால், 3 அல்லது 4 டெசிபல். அதோடு 1000 ஹெர்ட்ஸ் அருகே 2 டெசிபல் சேர்த்தால் பிரமாதமாக முன்னே வரும்.

டிலே, ரிவெர்ப் போட்டால் எல்லாம் குழம்புகிறது

வரிசை: டிரைவ், ஆம்ப், கேபினெட், பிறகு டிலே, கடைசியில் ரிவெர்ப். டிலே டிரைவுக்கு முன்னால் போனால் எதிரொலியும் சேர்ந்து நசுங்கும். கல்யாண மண்டபமே போதுமான எதிரொலி தரும், அங்கே ரிவெர்ப் மிக்ஸ் 10 முதல் 15 சதவீதம் தாண்ட வேண்டாம். டிலே நேரத்துக்கு 60,000-ஐ டெம்போவால் வகுத்தால் ஒரு தாளத்தட்டின் மில்லிசெகண்ட் கிடைக்கும். 120 என்றால் 500, அதன் முக்கால் பங்கு 375 எடுத்தால் தாளத்தோடு பின்னிக்கொள்ளும். எதிரொலிக்குள் 150 ஹெர்ட்ஸ் லோ கட், 3000 ஹை கட் போட்டால் வாசிக்கும் சுரத்தின் மேல் ஏறி உட்காராது.

நம் மேடைகள் பெரும்பாலும் மோனோ. பிங்பாங் டிலேயும் அகலமான ஸ்டீரியோ கோரஸும் அங்கே பாதி காணாமல் போகும். எல்/மோனோவில் ஒரே கேபிள் மாட்டினால் பெடலே இரண்டையும் சேர்த்துக் கொடுக்கும். இரண்டு அவுட்டையும் ஒய் கேபிளால் ஒன்றாக முறுக்கி இணைக்காதீர்கள், இரண்டு அவுட்புட்டும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும்.

விரலுக்கும் ஒலிக்கும் இடையே இழுபறி

பெடல் தானாக உண்டாக்கும் தாமதம் சில மில்லிசெகண்ட்தான். ஒலி காற்றில் ஒரு மீட்டர் போகவே சுமார் 3 மில்லிசெகண்ட் ஆகும், ஆகவே 5 மீட்டர் தள்ளி நிற்கும் பாக்ஸ் 15 மில்லிசெகண்ட் தாமதம் தரும். மானிட்டரைப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் வயர்லெஸ் மேலும் சில மில்லிசெகண்ட் சேர்க்கும், கூட்டத்தின் வைஃபை ஹாட்ஸ்பாட்டுகளோடு மோதி விட்டு விட்டும் கேட்கும். ரெக்கார்டிங்கில் என்றால் மென்பொருளின் பஃபரை (லேப்டாப் ஒலியைச் சேர்த்து வைத்து அனுப்பும் அளவு) 512-இலிருந்து 128-க்கு இறக்குங்கள். நேரடி ஒலியும் லேப்டாப் வழியாகத் திரும்பும் ஒலியும் சேர்ந்து கேட்டால் குழாய்க்குள் பேசுவது போல் உள்ளீடற்றுப் போகும், இரண்டில் ஒன்றை மூடுங்கள்.

ஹார்மனி, ஆக்டேவ் அபசுரமாக வருகிறது

பிட்ச் பிளாக் சங்கிலியின் முதலில், டிரைவுக்கு முன் இருக்க வேண்டும். சுத்தமான ஒற்றைச் சுரம்தான் அதற்குப் புரியும். நெக் பிக்கப், டோன் குமிழ் 5. ஹார்மனைசருக்கு ஸ்ருதி சொல்ல வேண்டும், மேடையில் இதுதான் சறுக்கும். பாடகர் கடைசி நிமிஷத்தில் "அரைக்கட்டை ஏத்திக்கலாம்" என்பார். கீபோர்டுக்காரர் டிரான்ஸ்போஸ் பட்டனை ஒருமுறை தட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவார். உங்கள் ஹார்மனி மட்டும் 5 கட்டையில், அதாவது ஜி-யில் பாடிக்கொண்டிருக்கும், பாட்டு ஜி ஷார்ப்பில் போகும். ஒவ்வொரு ஹார்மனி பேட்சுக்கும் அரைக்கட்டை கூடியது, குறைந்தது என்று இரண்டு நகல் பக்கத்துப் பேட்சிலேயே வைத்திருங்கள்.

கிட்டார் முழுவதையும் பிட்ச் பிளாக்கால் இறக்கி வாசிப்பதென்றால் அரை அல்லது ஒரு கட்டை வரை சமாளிக்கும். அதற்கு மேல் கார்டு வாசித்தால் கரையும், தாமதமும் தெரியும். வீட்டில் சின்னச் சத்தத்தில் பழகும்போது தந்தியின் நிஜ ஒலியும் காதில் விழுந்து எல்லாம் அபசுரமாகத் தோன்றும். பெடலைக் குறை சொல்லும் முன் ஹெட்போன் மாட்டிக் கேளுங்கள்.

எக்ஸ்பிரஷன் பெடல் தாவுகிறது, பேட்ச் அழிந்துபோகிறது

பெடல் முழுக்க மிதித்தும் வால்யூம் பாதியில் நின்றால் பொது அமைப்பில் காலிபரேஷன் செய்யுங்கள்: குதிகால் இறக்கி ஒரு ஓகே, முன்கால் மிதித்து ஒரு ஓகே. வெளியே தனியாக மாட்டும் எக்ஸ்பிரஷன் பெடலுக்குப் பெரும்பாலும் ஸ்டீரியோ கேபிள் வேண்டும், அப்படிப்பட்டதில் சாதாரண கிட்டார் கேபிள் போட்டால் ஒரே மூலையில் ஒட்டிக்கொள்ளும். ஸ்டீரியோ போட்டும் தாவினால் முனை, வளைய இணைப்பு கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதை நினைவில் வைத்து, பெடலின் அடியில் மாற்று சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள்.

ஃபர்ம்வேர் (பெடலின் உள் மென்பொருள்) அப்டேட் சில மாடல்களில் பேட்சுகளைத் துடைத்துவிடும். அதற்கு முன் எடிட்டர் மென்பொருளில் முழு பேக்கப் எடுங்கள். தறி ஓடுகிற நேரத்தில், கரண்ட் போய் வரும் மாலையில் அப்டேட் வேண்டாம், பாதியில் நின்றால் பெட்டி எழுந்திருக்காமல் போகலாம். அவுட்புட் வகை, இன்புட் லெவல், குளோபல் ஈக்யூ ஆகியவை பேட்ச் பேக்கப்பில் எப்போதும் சேராது. அந்த மூன்று திரைகளையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு அப்டேட் பட்டனை அழுத்துங்கள்.